இரண்டு முறை மட்டும் கேட்டவர்

லைல் ப்ரெக்கனுக்கு மூன்று விஷயங்களில் அபிப்பிராயம் உண்டு: அரசியல், ஹாம்பர்கர், சிந்தசைசர். இந்த மூன்றில் எதைத் தொட்டாலும் மனிதர் மடை திறந்த மாதிரி பேசுவார். ஆனால், "எப்படி இருக்கீங்க லைல்?" என்று யாராவது கேட்டுவிட்டால், "மோசமில்ல" என்ற ஒரே வார்த்தையோடு வாயை மூடிக்கொள்வார்.

இதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. மின்னசோட்டாவின் மேற்குக் கோடியில், சர்க்கரைக் கிழங்கு வயல்களுக்கு நடுவே இருக்கும் ஸ்டோர்விக் ஊரில் எல்லோருமே அப்படித்தான். வீடு தீப்பிடித்து எரிந்தாலும், "நல்லவேளை, குளிருக்கு இதமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்பார்கள். அழுகையைக் கூடக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற ஊர் அது.

லைல் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. நடுவில் கிடக்கிற நீண்ட பகலை என்ன செய்வது என்பதுதான் அவருடைய வாழ்க்கை. மனைவி மார்லிஸ் பல வருஷத்துக்கு முன்பே அரிசோனாவுக்குப் போய்விட்டாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. அதுதான் கொடுமை. ஒரு மார்ச் மாதக் காலையில், காப்பியை ஊற்றிக்கொண்டே, "எனக்கு இந்தக் குளிர் தாங்கல லைல்" என்றாள். எந்தக் குளிரைச் சொல்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை இருந்திருப்பாளோ என்னவோ. பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்துக் கொடுத்தார். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தார். அவ்வளவுதான். பிள்ளை குட்டி கிடையாது.

மீதம் இருந்தது வீட்டின் நிலவறையும், அதில் ஒரு பழைய சிந்தசைசர் என்கிற மின்னிசைப் பெட்டியும். பத்தொன்பது வயதில், கிழங்கு அறுவடைக்குப் போய் உடம்பு ஒடியச் சம்பாதித்து வாங்கியது. அப்போது ஒரு வாத்தியக் குழுவில் இருந்தார். கல்யாண நடனங்களில் வாசித்தார். குழு கலைந்தது, தலைமயிர் உதிர்ந்தது. அந்த இயந்திரம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

அதில் பாட்டு வாசிப்பது அவருக்கு இரண்டாம்பட்சம். ஒலியை உண்டாக்குவதுதான் ஆசை. குமிழ்களைத் திருகித் திருகி, உலகத்தில் இதுவரை யாரும் கேட்டிராத ஒரு சத்தத்தைப் பிறக்க வைப்பார். ஒவ்வொரு சனிக்கிழமை பிற்பகலும் அதை இணையத்தில் நேரலையாகக் காட்டுவார். ஒரு கையில் குமிழ், மறு கையில் 'பிக் ஆர்லோ' கடையின் ஹாம்பர்கர், வாயில் நாட்டு நடப்பு. "ஹாம்பர்கருக்கு நீதிபதி ஊறுகாய் வெள்ளரிக்காதான். அது மொறுமொறுன்னு இல்லேன்னா மிச்சத்தை விசாரிக்கவே வேணாம்" என்பார். "யானைக் கட்சி, கழுதைக் கட்சி ரெண்டும் ஒரே எண்ணெயில பொரிச்சது, பொட்டலம்தான் வேற. ஆனா நான் கழுதைப் பொட்டலம்தான் வாங்குவேன். எங்கப்பா ரயில்வே சங்கத்து ஆளு" என்பார். குடியரசுக் கட்சிக்குச் சின்னம் யானை, ஜனநாயகக் கட்சிக்குக் கழுதை. பார்ப்பவர்கள் அதிகம் இல்லை. ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அவருக்கு அது போதும்.

ஆனால் அந்த நிகழ்ச்சியின் உயிர் லைல் இல்லை. கேமராவுக்குப் பின்னால், பழைய சோபாவில் முகம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஆர்விட் ட்வெட்தான்.

ஆர்விட் பால் பண்ணைக்காரர். பள்ளிக்கூட நாளிலிருந்து லைலுக்குச் சிநேகிதர். மனைவி இறந்த பிறகு பண்ணை வீட்டில் தனியாக இருந்தார். தலைமுறை தலைமுறையாக யானைக் கட்சி. இசையில் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் லைல் உண்டாக்குகிற ஒவ்வொரு ஒலிக்கும் பெயர் வைப்பது அவர்தான். இயந்திரத்தின் சின்னத் திரையில் பத்து எழுத்துக்குத்தான் இடம் உண்டு. அந்தப் பத்துக்குள் ஆர்விட் ஒரு காவியத்தையே அடக்கிவிடுவார்.

"இது எப்படிடா இருக்கு?" என்று லைல் ஒரு கட்டையை அழுத்திப் பிடிப்பார்.

"பால் கறக்கிற மெஷின்ல எலி மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."

"டேய், மூணு மணி நேரமா உருவாக்கியிருக்கேன். ஏதோ தேவலோகத்து ஒலி மாதிரி இல்லையா?"

"இருக்கு இருக்கு. தேவலோகத்துல எலி மாட்டிக்கிட்டா இப்படித்தான் கத்தும். 'சொர்க்கஎலி'ன்னு போடு."

பார்ப்பவர்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்ததாக எழுதுவார்கள். யாரந்தப் பெரியவர், முகத்தைக் காட்டச் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். "என் முகத்தைப் பார்த்தா உன் மெஷின் ரிப்பேர் ஆயிடும்" என்று ஆர்விட் மறுத்துவிடுவார்.

அரசியலிலும் இருவருக்கும் தினம் சண்டைதான். பிக் ஆர்லோவில் காலை நடை முடிந்து லைல் வருவார், கறவை முடிந்து ஆர்விட் வருவார். சுவரோர மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, காகிதக் கோப்பையில் காப்பி ஆறும் வரை ஒருவர் கட்சியை இன்னொருவர் கிழித்துக் காயப்போடுவார்கள்.

"உங்க கழுதைங்க ஆட்சிக்கு வந்தா என் பசு ஏப்பம் விடுறதுக்குக் கூட வரி போடுவாங்கடா."

"உங்க யானை வந்தா மட்டும் பசு என்ன பட்டு உடுத்திக்கிட்டா நிக்கப் போகுது?"

லைல் ஒருமுறை நேரலையில் விளக்கினார். சிந்தசைசரில் இரண்டு ஸ்வரங்களை அச்சுப் பிசகாமல் ஒன்றாக வைத்தால் ஒலி ஒல்லியாகச் செத்துக் கிடக்கும். ஒன்றைத் துளி நகர்த்தி வைத்தால்தான் இரண்டும் உரசி, ஒலி சதை பிடித்து உயிரோடு அசையும். "என்னையும் இந்தச் சோபாக்காரனையும் மாதிரி" என்றார். "அப்போ நகர்ந்து போனது நீதான். நான் நட்டு வச்ச இடத்துலயே நிக்கிறேன்" என்றது சோபா.

இப்படிப்பட்ட சிநேகத்தை லைல் தன் வாயாலேயே உடைத்தார்.

தேர்தலுக்கு முந்தின அக்டோபர் அது. பால் விலை விழுந்து கிடந்தது. தீவன விலை ஏறிக்கொண்டே போனது. ஆர்விட் தன் மாடுகளை விற்றுவிட்டார். வண்டி வந்து, கடைசிப் பசுவும் ஏறிப் போன பிறகு, அவர் தொழுவத்துக்குப் பூட்டுப் போட்டதை லைல் கூட இருந்து பார்த்தார். பூட்டு குளிரில் விறைத்திருந்தது. ஆர்விட் அதை இரண்டு கையாலும் பிடித்து அமுக்க வேண்டியிருந்தது. "சரி, இனிமே காலையில தூங்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமையும் ஆர்விட் வழக்கம் போல வந்து சோபாவில் உட்கார்ந்தார். நேரலை தொடங்கியது. அன்றைக்குப் பார்ப்பவர்கள் வழக்கத்தைவிட அதிகம். யாரோ எங்கோ லைலைப் பற்றி எழுதியிருந்தார்கள் போல. எண்ணிக்கை ஏற ஏற லைலுக்கும் சுதி ஏறியது. ஒருத்தர், "விவசாயிகள் இந்த முறை யாருக்கு?" என்று கேட்டு எழுதினார். லைல் ஹாம்பர்கரை ஒரு கடி கடித்துவிட்டு, கட்டையை அழுத்திக்கொண்டே சொன்னார்:

"எங்க ஊர்ல சில பேர் இருக்காங்க. ஓட்டுப் போடுறேன்னு போய், தன் தொழுவத்துக்குத் தானே பூட்டுப் போட்டுக்கிட்டு வருவாங்க. அப்புறம் சாவியைக் காணோம்னு தேடுவாங்க!"

திரை முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள் பொங்கி வழிந்தன. லைலும் சிரித்தார். சோபாவிலிருந்து பதில் வரும் என்று காத்திருந்தார். எப்போதும் வருமே, ஒரு குத்தல், ஒரு உறுமல்? வரவில்லை.

ஆர்விட் எழுந்து நின்றார். தொப்பியைத் தலையில் வைத்தார்.

"நான் கிளம்புறேன். மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

படியேறிப் போனார். அவருடைய ட்ரக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அது தெருமுனையில் திரும்பி ஓய்ந்த பிறகுதான் லைலுக்கு உறைத்தது. எந்த மாட்டுக்கு? ஐயோ, எந்த மாட்டுக்கு! கையில் இருந்த ஹாம்பர்கரைக் கீழே வைத்தார். நேரலையை நிறுத்தக்கூடத் தோன்றாமல், அழுத்தின கட்டையின் மேலேயே கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த ஒரே ஸ்வரம் நிலவறை முழுக்க ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை பிக் ஆர்லோவுக்குப் போனபோது ஆர்விட் சுவரோர மேசையில் இல்லை. ஜன்னலோர மேசைக்கு மாறியிருந்தார். எதிரில் பண்ணைப் பத்திரிகை விரித்துக் கிடந்தது. முகத்தில் கோபம் எதுவும் இல்லை. ஸ்டோர்விக்கில் கோபத்துக்கு முகம் கிடையாது, மேசை மாறும், அவ்வளவுதான்.

லைல் கோப்பையோடு அங்கே போய் நின்றார்.

"சனிக்கிழமை வர்றியா? புதுசா ஒண்ணு பண்ணியிருக்கேன்."

"இல்லப்பா. உனக்கு எதுக்குத் தொந்தரவு."

"தொந்தரவு என்ன இதுல."

"பார்க்கலாம்" என்று ஆர்விட் பத்திரிகையைப் புரட்டினார். 'பார்க்கலாம்' என்றால் அந்த ஊரில் இல்லை என்று அர்த்தம்.

இரண்டு வாரம் கழித்து லைல் போனில் கூப்பிட்டார். அதற்கே அன்று முழுக்கத் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது. "ஹாட்டிஷ் பண்ணப் போறேன். மாட்டுக்கறி, மேல உருளைக்கிழங்கு எல்லாம் போட்டு, அடுப்புல வச்சு. ஒருத்தனுக்கு ரொம்ப அதிகம். நீ வந்தா..."

"நீ சாப்பிடு லைல். எனக்கு இப்பல்லாம் அவ்வளவு பசிக்கிறதில்ல."

"சரி. அப்போ..."

"சரி."

போனை வைத்தபோது லைலுக்கு வலித்தது. வலியோடு கூட, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிம்மதியும் இருந்தது. ஆர்விட் வந்திருந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். மன்னிப்பு என்கிற வார்த்தையை எந்தக் குமிழைத் திருகி வரவழைப்பது என்று அவருக்குத் தெரியாது. 'நான் கேட்டேன், அவன் வேண்டாம்னுட்டான், இனி என் மேல குத்தம் இல்ல' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். மனிதன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிற மாதிரி வேறு யாரையும் ஏமாற்றுவதில்லை.

தேர்தல் வந்தது, போனது. யார் ஜெயித்தார்கள் என்பதில் லைலுக்கு ஒரு அபிப்பிராயமும் எழவில்லை. எதிரில் உட்கார்ந்து அதை மறுக்க ஆளில்லாதபோது அபிப்பிராயம் வெறும் முணுமுணுப்பாகிவிடுகிறது. நிகழ்ச்சியில், "அந்தப் பெரியவர் எங்கே?" என்று முதலில் கேட்டார்கள். பிறகு கேட்கவில்லை. பிறகு வரவே இல்லை. லைல் ஒலிகளை உண்டாக்கிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பெயர் வைக்கத் தெரியவில்லை. எத்தனையோ முயன்று பார்த்துவிட்டு, வெறும் எண்களைப் போட்டுச் சேமித்தார். அனாதை விடுதியில் பிள்ளைகளுக்கு எண் போடுகிற மாதிரி.

பனி விழுந்தது. பஸ்ஸின் கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டிக் கை மரத்தது. நடை முடிந்து பிக் ஆர்லோவுக்குப் போவதை மட்டும் லைல் நிறுத்தவில்லை. சுவரோர மேசையில் அவர், ஜன்னலோர மேசையில் ஆர்விட். நடுவில் நான்கு மேசைகள். உள்ளே வந்ததும் ஒருவருக்கொருவர் ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். நெடுஞ்சாலையில் எதிரே வருகிற வண்டிக்காரனுக்குச் சொல்கிற அதே ஒரு விரல். ஒரு காலத்தில் ஒரே தட்டிலிருந்து உருளைக்கிழங்கு வறுவலைத் திருடித் தின்ற இருவருக்கு நடுவில் மிச்சமானது அந்த ஒரு விரல்தான்.

ஆர்விட் இளைத்துப் போயிருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. அவர் பத்திரிகையில் ஒரே பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பதை லைல் கவனித்தார். தான் கவனிப்பதை அவர் கவனிக்காதபடி கவனித்தார்.

பிப்ரவரியில் கடைக்குப் புது மேனேஜர் வந்தாள். ரோசான் என்று பெயர். நியூ ஜெர்சிக்காரி. நாற்பது வயதிருக்கும். அவள் பேச்சின் வேகத்துக்கு ஸ்டோர்விக் மக்கள் தலையாட்டி முடிப்பதற்குள் அடுத்த பேச்சு வந்துவிடும். மனசு மட்டும் வெண்ணெய்.

ஒரு வியாழக்கிழமை அவள் 'ஆப்பிள் பை' என்கிற சூடான பலகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆர்விட்டின் மேசைக்குப் போனாள்.

"பெரியவரே, இந்தாங்க. ஒண்ணு கூடுதலா சுட்டுட்டாங்க. காசு வேணாம், சாப்பிடுங்க."

"ஐயோ, வேண்டாம்மா. வேற யாருக்காவது குடு" என்றார் ஆர்விட்.

"வேணாமா? சரி." ரோசான் சட்டென்று திரும்பி, பலகாரத்தை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

ஆர்விட்டின் கண்கள் அந்தப் பலகாரத்தின் பின்னாலேயே போயின. கடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, பள்ளிக்கூட வாசலில் அம்மாவை வழியனுப்புகிற குழந்தையின் கண்களைப் போலப் போயின. ரோசான் அதை வேறொரு மேசையில் இருந்தவனிடம் நீட்ட, அவன் வாங்கிக் கடித்தான். ஆர்விட் மெதுவாகக் குனிந்து பத்திரிகையைப் பார்த்தார்.

சுவரோர மேசையில் லைலுக்குச் சிரிப்பு வந்தது. பாவம் நியூ ஜெர்சிக்காரி, அவளுக்கு என்ன தெரியும்! இந்த ஊரில் முதல் முறை கொடுத்தால் வாங்கக் கூடாது, அது பேராசை. இரண்டாம் முறையும் வாங்கக் கூடாது, அது அவசரம். மூன்றாம் முறை கேட்டால்தான், 'சரி, உனக்குத் தொந்தரவு இல்லேன்னா' என்று கை நீட்டலாம். பிறந்த குழந்தைக்குக் கூட இங்கே இது தெரியும். மூன்றாம் முறை கேட்காதவன் மனசார அழைக்கவில்லை என்றுதான்...

லைலின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

கோப்பையைக் கீழே வைத்தார். பிக் ஆர்லோவில் ஒரு தடவை. போனில் ஒரு தடவை. அப்புறம்? அப்புறம் இல்லை! இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரிலேயே வளர்ந்து, ஊரின் பால பாடத்தை அவர் தன் உயிர்ச் சிநேகிதனிடம் தவறவிட்டிருக்கிறார். குளிர்காலம் முழுக்க அந்த மனிதர், நான்கு மேசைக்கு அப்பால், மூன்றாவது அழைப்புக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கோபமாக இருந்தால் வேறு கடைக்குப் போயிருக்க மாட்டாரா? காப்பி விற்கிற பெட்ரோல் பங்க் ஒன்று அவர் பண்ணைக்குப் போகிற வழியிலேயே இருக்கிறதே!

லைல் எழுந்தார். நான்கு மேசைகளைக் கடப்பதற்குள் நாற்பது வருஷத்தைக் கடந்த மாதிரி மூச்சு வாங்கியது. கேட்காமலே ஆர்விட்டின் எதிரில் உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை வா."

ஆர்விட் நிமிர்ந்து பார்த்தார். நீலக் கண்களில் ஈரம் மாதிரி ஏதோ ஒன்று ஓடி மறைந்தது.

"ரோட்டுல பனி அதிகமா இருக்கும்" என்றார்.

"இருக்கும்."

"உனக்கு நிகழ்ச்சி இருக்குமே."

"இருக்கும். வா."

ஆர்விட் பத்திரிகையை நான்காக மடித்தார். மடித்ததை நீவினார். 'பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லவில்லை. லைல் அதைப் பிடித்துக்கொண்டு மாலை நடையை முடித்தார். ஒரு குழந்தையை அது இறங்க வேண்டிய வீட்டைத் தாண்டிக் கொண்டுபோய், "மாமா, எங்க வீடு போயிடுச்சு!" என்று அது கத்திய பிறகு நிறுத்தினார்.

சனிக்கிழமை வந்தது. சோபாவைத் தட்டிப் போட்டார். மணி ஆனது. ஆர்விட் வரவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தெருவில் வெறும் பனி. இன்னும் கொஞ்சம் பார்த்தார். பிறகு, இனி முடியாது என்று நேரலையைத் தொடங்கினார். விரல் விட்டு எண்ணக்கூடிய பேர்தான் இருந்தார்கள்.

அன்றைக்கு அவர் கையில் ஹாம்பர்கர் இல்லை. குமிழ்களைத் தொடவும் இல்லை.

"தேர்தலுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொன்னேன்" என்று ஆரம்பித்தார். "தொழுவத்துக்குப் பூட்டுப் போட்டுக்கிறவங்களைப் பத்தி. அது எல்லாருக்கும் நகைச்சுவையா இருந்துச்சு. எனக்கும் இருந்துச்சு. அந்தப் பூட்டுப் போட்ட ஆளு அப்போ இங்கதான் உட்கார்ந்திருந்தான். என் சிநேகிதன். விடியறதுக்கு முன்னாடி எழுந்து, ஜுரமா இருந்தாலும், பொண்டாட்டி செத்த அன்னைக்கும் மாட்டைக் கறந்தவன். அவன் யாருக்கு ஓட்டுப் போட்டா எனக்கென்ன? அவன் ஓட்டு தப்புன்னு இன்னைக்கும் நான் சொல்லுவேன். ஆனா அவன் வேதனையை எடுத்து உங்களுக்குத் தின்பண்டமா கொடுத்தேன் பாருங்க, நீங்க சிரிக்கணும்னு, எண்ணிக்கை ஏறணும்னு... அது அபிப்பிராயம் இல்ல. அது ஈனத்தனம். நான் வெட்கப்படுறேன். மன்னிச்சுக்க ஆர்விட்."

திரையில் ஒருத்தர், "கட்சி மாறிட்டீங்களா?" என்று எழுதினார். இன்னொருத்தர், "ஒலி எப்போ ஆரம்பிக்கும்?" என்றார். மூன்று பேர் வெளியேறினார்கள். லைல் அதையெல்லாம் பார்க்கவில்லை. கேமராவை அணைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மன்னிப்புக் கேட்டாயிற்று. கேட்க வேண்டியவர் கேட்டாரா?

மேலே கதவு திறக்கிற சத்தம். பூட்ஸிலிருந்து பனியைத் தட்டுகிற சத்தம். ஒன்று, இன்னொன்று. இந்த உலகத்தில் எந்த இயந்திரத்தாலும் உண்டாக்க முடியாத இனிமையான ஒலி அதுதான் என்று லைலுக்குத் தோன்றியது.

ஆர்விட் படியிறங்கி வந்தார். கையில் ஒரு அலுமினியத் தட்டு. சர்ச்சில் எல்லோரும் செய்கிற சாக்லேட் பார்கள். குளிரில் செங்கல்லாக இறுகியிருந்தன.

"ரொம்ப நேரமா ட்ரக்லயே உட்கார்ந்திருந்தேன்" என்றார். "உள்ள வந்து உன் நிகழ்ச்சியைக் கெடுக்க வேணாமேன்னு. போன்லயே பார்த்துட்டேன்."

"ஓ."

"ரொம்ப நீளமாப் பேசுற நீ."

"தெரியும்."

"அப்புறம், அவ செத்த அன்னைக்கு நான் கறக்கல. நீதான் வந்து கறந்த. பாதி பாலைக் கொட்டிட்ட."

லைல் தலையாட்டினார். செங்கல் பார்களை ஆளுக்கொன்றாகக் கடித்து மென்றார்கள். பிறகு லைல் இயந்திரத்தை உசுப்பினார். எண் போட்டு வைத்திருந்த ஒலிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஆர்விட் கண்ணை மூடிக் கேட்டார். "இது நல்லாயில்ல." "இது பரவாயில்ல." "இது எங்க மருமகன் குறட்டை." மெல்ல மெல்லப் பழைய சூடு திரும்பியது. பிக் ஆர்லோவின் வறுவலில் உப்பு குறைந்துவிட்டது என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். இறக்குமதி வரியைப் பற்றிப் பேச்சு வந்ததும் ஒருவர் குரலுக்கு மேல் மற்றவர் குரல் ஏறியது. லைல் சத்தம் போட்டார், ஆர்விட் சோபாவின் கையில் ஓங்கிக் குத்தினார். எத்தனை சந்தோஷமான பிற்பகல்!

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது ஆர்விட் முழங்காலைத் தட்டி, "சரி, கிளம்பணும்" என்றார். படியருகில் நின்று கொஞ்சம் பேசினார்கள். கதவருகில் நின்று கொஞ்சம் பேசினார்கள். ஆர்விட் ட்ரக்கில் ஏறி, இன்ஜினைக் கிளப்பி, ஜன்னலை இறக்கினார். வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கி வந்த லைல், ஜன்னல் விளிம்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லணும்" என்றார் ஆர்விட், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. "பண்ணையை வித்தாச்சு. பக்கத்து நிலத்துக்காரனே வாங்கிக்கிட்டான். ஏப்ரல்ல நான் சூ ஃபால்ஸுக்குப் போறேன். மக வீட்டுக்கு. கீழ ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்காளாம்."

லைலுக்குக் காதில் எல்லாம் நின்றுபோன மாதிரி இருந்தது.

"எப்போ முடிவு பண்ண?"

"நவம்பர்ல. முதல்ல உன்கிட்டதான் சொல்லணும்னு இருந்தேன்." ஆர்விட் ஸ்டியரிங்கை விரலால் தேய்த்தார். "நீ திரும்பக் கூப்பிடுவேன்னு பார்த்தேன்."

நவம்பர், டிசம்பர், ஜனவரி. இந்த மாதங்களை இனி எந்தக் கடவுளிடம் போய்த் திரும்பக் கேட்பது? ஒரே ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டிருந்தால் எத்தனை சனிக்கிழமைகள்! லைலின் வாயில் ஊரின் வார்த்தைகள் தயாராக நின்றன. 'சூ ஃபால்ஸ் மோசமில்ல. அங்க ரோடெல்லாம் நல்லாப் போட்டிருக்கான்.' அப்பா சொல்லியிருப்பார், தாத்தா சொல்லியிருப்பார். மார்லிஸின் காருக்குக் காற்றுப் பார்த்துக் கொடுத்த அன்றைக்கு அவரும் அரிசோனாவைப் பற்றி இப்படித்தான் சொன்னார்.

"நீ இல்லாம நான் ரொம்பக் கஷ்டப்பட்டேன்டா" என்றார் லைல். குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டார். "வீட்டுல பேச ஒரு நாய் கூட இல்ல. நீ போனா நான் என்ன செய்வேன்? எனக்குப் பயமா இருக்கு."

ஸ்டோர்விக்கில் ஒரு ஆண்பிள்ளை இன்னொரு ஆண்பிள்ளையிடம் இப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆர்விட் மடமடவென்று கண்ணைச் சிமிட்டினார். கண்ணாடியில் ஒரு சொட்டுப் பனி இல்லை, ஆனாலும் வைப்பரைப் போட்டார். அது வரட் வரட் என்று வெறும் கண்ணாடியைத் தேய்த்தது. அணைத்தார்.

"உன் மெஷினை விட மோசமாச் சத்தம் போடுற" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

பிறகு கையை நீட்டி, இன்ஜினை நிறுத்தினார்.

"ஏறு உள்ள. செருப்போட நின்னு செத்துத் தொலைக்காத. ஹீட்டர் சூடு இன்னும் இருக்கு."

லைல் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். எங்கும் போகாத அந்த வண்டிக்குள், எதிரே பனி மூடிய தெருவைப் பார்த்தபடி, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். கண்ணாடி மெல்ல மெல்ல அவர்கள் மூச்சால் மூடியது.